எகிப்தியக் கடவுளர் வண்ணப் புத்தகம்: வீட்டிலேயே தயாரிப்பது எப்படி?

சித்திரம் 'எழுதுவது' என்றுதான் பழைய தமிழ் சொல்லும். பழைய எகிப்திய மொழியிலும் அப்படித்தான். எழுதுவதற்கும் படம் வரைவதற்கும் அவர்களிடம் 'செஷ்' என்ற ஒரே சொல் இருந்தது. கல்லறைச் சுவரில் உருவங்களின் வெளிக்கோட்டைப் போடுகிறவருக்கு 'செஷ் கெதுத்' என்று பட்டம். வடிவங்களை எழுதுகிறவர் என்று பொருள். லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் தேர் எல்-மதீனா என்னும் ஊரில் இவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள்.

அவர்கள் வேலை செய்த வரிசை இது: முதலில் சுவரில் கட்டம். அதன்மேல் சிவப்பு மையில் உருவம். தலைமை ஓவியர் வந்து கறுப்பில் திருத்துவார். அப்புறம் ஒவ்வொரு பரப்புக்கும் ஒரே நிறம் நிரப்புவார்கள். நிழல் கிடையாது, ஒளி கிடையாது. கடைசியில் வெளிக்கோட்டை மறுபடி இழுத்து முடிப்பார்கள். அரசர்கள் பள்ளத்தாக்கில் ஹோரெம்ஹெப் என்ற அரசனின் கல்லறை பாதியில் நின்றுபோனதால், இந்த நிலைகள் ஒவ்வொன்றையும் இன்றைக்கும் அங்கே சுவரிலேயே பார்க்கலாம்.

வெளிக்கோடு போட்டு உள்ளே நிறம் நிரப்புவது என்றால், குழந்தைகளின் வண்ணப் புத்தகமும் அதுதானே! சனிக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். அவர்களுக்காக இப்படி ஒரு புத்தகம் செய்தபோது கற்றுக்கொண்டவற்றை, இதுவரை ஒரு வண்ணப் புத்தகமும் செய்திராதவர்களுக்காக எழுதுகிறேன். ஓவியப் பயிற்சி தேவையில்லை. கிராஃப் தாள், பென்சில், அழிப்பான், கறுப்பு மார்க்கர், பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தால் போதும்.

1. பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள்

எகிப்தியத் தெய்வங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. முதல் புத்தகத்துக்குப் பன்னிரண்டு போதும். என் வரிசை: ரா, ஐசிஸ், ஒசிரிஸ், செத், ஹோரஸ், தோத், நூட், அனுபிஸ், மாஅத், செக்மெட், சோபெக், பெஸ். அட்டைக்குப் பூனைத் தேவி பாஸ்டெட்.

தேர்வுக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பி நிழலாகப் பார்த்தாலும் யாரென்று தெரியவேண்டும். கர்னாக் கோயிலின் அமூன் மிகப் பெரிய தெய்வம். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அவர் தலையில் இரண்டு நெட்டை இறகு சூடிய ஒரு மனிதர், அவ்வளவுதான். சோபெக் முதலைத்தலையோடு நிற்பவர். பெயர் சொல்லுமுன்னே குழந்தை கையை நீட்டிவிடும்.

இரண்டாவது முதல் ஐந்தாவது வரை வருகிறவர்கள் ஒரே குடும்பம். ஒசிரிஸைத் தம்பி செத் கொல்கிறான். மனைவி ஐசிஸ் தேடியலைந்து உடலை மீட்கிறாள். மகன் ஹோரஸ் வளர்ந்து அரசுரிமை கேட்கிறான். இந்தக் கதையைக் குழந்தைப் புத்தகத்தில் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்களுக்கு எகிப்தியர்களே வழி காட்டியிருக்கிறார்கள். கொலைக் காட்சியைக் கோயில் சுவர்களில் வரைவதை அவர்கள் தவிர்த்தார்கள். கதையை முதலிலிருந்து கடைசிவரை கோவையாக எழுதி வைத்தவர் கிரேக்கரான புளூட்டார்க். எகிப்திய மூலங்களில் அது துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. ஆகவே நீங்களும் ஐசிஸ் தேடியதில் தொடங்கலாம்.

செத்தை விட்டுவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். பாலைவனத்துக்கும் புயலுக்கும் உரியவன் அவன். இரவில் சூரியத் தேவன் ராவின் படகு பாதாளத்தைக் கடக்கும்போது முனையில் நின்று அபெப் என்ற பெரும் பாம்பைக் குத்துகிறவனும் அவனே. வில்லன் என்று ஒரு சொல்லில் அடைத்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

2. பக்கக் கணக்கை முதலில் போடுங்கள்

படம் வரைய உட்காருமுன் இதை முடித்துவிட வேண்டும். என் முதல் புத்தகத்தில் தாளின் இரண்டு பக்கமும் படம் அச்சிட்டுவிட்டேன். ஒரு பெண் குழந்தை ஸ்கெட்ச் பேனாவால் ஐசிஸின் உடைக்குச் சிவப்பு பூச, பின்பக்கத்து ஹோரஸின் முகமெல்லாம் சிவப்புப் புள்ளி. அவள் அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு கண்டுபிடித்த ஏற்பாடு இது. படங்கள் எல்லாம் வலப்பக்கம், அதாவது ஒற்றைப்படை எண். அந்தத் தெய்வத்தைப் பற்றிய நான்கு வரி அதற்கு எதிரே இடப்பக்கம். அப்படிச் செய்தால் ஒரு படத்தின் முதுகில் அடுத்த தெய்வத்தின் எழுத்துதான் இருக்கும். மை ஊறினாலும் படம் கெடாது.

கணக்கு இப்படி வரும். பக்கம் 1 தலைப்பு. முதல் தெய்வத்தின் எழுத்து பக்கம் 2, படம் பக்கம் 3. இப்படியே போனால் பன்னிரண்டாவது படம் பக்கம் 25. பக்கம் 26 நிலப்படம், 27 வெறும் கட்டம் மட்டும், 28 பெரியவர்களுக்கான நிறக் குறிப்பு. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், 28 வகுபடுகிறது. ஏ3 தாளை மடித்து ஏ4 புத்தகமாக்கினால் ஏழு தாள். ஒவ்வொரு தாளிலும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகும் இரண்டு எண்களைக் கூட்டினால் 29 வரவேண்டும்: 28-உம் 1-உம், 2-உம் 27-உம், கடைசியில் 14-உம் 15-உம். கடைக்குக் கொடுக்குமுன் இந்தக் கூட்டலை ஒருமுறை சரிபாருங்கள்.

அந்த 14, 15 பக்கங்களைக் கவனியுங்கள். நடுத்தாள் என்பதால் இடையில் வெட்டில்லாத ஒரே பரப்பு. ஏழாவதாக நூட்டை வைத்த காரணம் இதுதான். நூட் வானத் தேவி. பூமித் தேவனான கெப் கீழே படுத்திருக்க, காற்றுத் தேவன் ஷூ இரு கைகளாலும் தாங்க, அவள் விரல் நுனியும் கால் நுனியும் தரையைத் தொடும்படி வில்லாக வளைந்து நிற்கிறாள். மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் பெற்றெடுக்கிறாள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள கிரீன்ஃபீல்ட் பாப்பிரஸில் (பாப்பிரஸ் என்பது ஒரு நாணற்செடியின் தண்டிலிருந்து செய்த தாள்) இந்தக் காட்சி அழகான கோட்டோவியமாக இருக்கிறது. அவள் கை 14-இல், கால் 15-இல். எழுத்தை அவள் வயிற்றுக்குக் கீழே, 14-இன் ஓரத்தில் சின்னதாக வைத்துவிடுங்கள்.

3. எதைப் பார்த்து வரைவது?

இணையத்தில் 'எகிப்தியக் கடவுள்' என்று தேடினால் வந்து விழுகிற கார்ட்டூன்களை மூலமாகக் கொள்ளாதீர்கள். அவை ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்தவை. அனுபிஸுக்குச் செத்தின் காது, ஐசிஸுக்கு வேறொருத்தியின் மகுடம் என்று பிழைகள் அப்படியே பரவுகின்றன.

மூன்று நல்ல இடங்கள் உண்டு. முதலாவது, இரண்டாம் ராம்செஸின் அரசி நெஃபெர்தாரியின் கல்லறை. 1904-இல் எர்னெஸ்தோ ஸ்கியாபரெல்லி கண்டுபிடித்தது. தெய்வங்கள் முழு உயரத்தில், நிறம் மங்காமல் நிற்கும் சுவர்கள் அங்கே இருக்கின்றன. இரண்டாவது, அனி என்ற எழுத்தரின் பாப்பிரஸ், கி.மு. 1250 வாக்கில் எழுதப்பட்ட, ஏறத்தாழ 24 மீட்டர் நீளச் சுருள். லண்டனுக்குப் போனபிறகு 37 துண்டுகளாக வெட்டப்பட்டது. மூன்றாவது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள நகல் ஓவியங்கள். நீனா டேவிஸும் அவர் கணவர் நார்மன் டேவிஸும் கல்லறைகளுக்குள்ளேயே உட்கார்ந்து சுவர் ஓவியங்களைப் படியெடுத்தார்கள். விரிசல், கறை எல்லாம் உள்ளபடியே இருக்கும். கோடு மட்டும் புகைப்படத்தைவிடத் தெளிவாகத் தெரியும். புதிதாக வரைகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இவற்றைத்தான்.

உரிமை விஷயத்தில் ஒரு வார்த்தை. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் தன் பொதுவுரிமைப் படங்கள் 3,75,000-க்கும் மேல் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஒவ்வொரு படத்தின் கீழும் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் படங்களை வணிகமல்லாத பயன்பாட்டுக்குத்தான் தருகிறது. வீட்டுக்கும் வகுப்புக்கும் சரி. விற்கப்போகிறீர்கள் என்றால் அங்கிருந்து நேராக டிரேஸ் எடுக்காதீர்கள்.

4. கட்டத்தில் நிறுத்துங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வரைய வராது என்று சொல்கிற அம்மாக்களைக்கூட இது வரைய வைத்துவிடும்.

எகிப்தியர் நிற்கும் உருவத்தை உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம்வரை 18 கட்டமாகப் பிரித்தார்கள். செங்காவியில் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். தச்சர்கள் இன்றும் அப்படித்தான் மரத்தில் கோடு போடுகிறார்கள். நமக்குக் கிராஃப் தாள் போதும். ஏ4 உயரம் 29.7 செ.மீ. ஒரு கட்டத்தை 1 செ.மீ. என்று வைத்தால் உருவத்துக்கு 18 போக, உச்சந்தலை, மகுடம், காலுக்குக் கீழ்த் தரைக்கோடு, ஓரம் எல்லாவற்றுக்கும் இடம் மிஞ்சும்.

கீழிருந்து எண்ணுங்கள். 6-ஆவது கோட்டில் முழங்கால். 9-இல் பிட்டத்தின் அடிவிளிம்பு. 12-இல் தொங்கும் கையின் முழங்கை. 16-இல் கழுத்து தோளோடு சேரும் இடம். 18-இல் முடிக்கோடு. ஆணின் தோள் அகலம் ஆறு கட்டம், பெண்ணுக்கு ஐந்துக்குள். இந்தப் புள்ளிகளை வைத்துவிட்டு வளைகோடுகளால் இணையுங்கள். உட்கார்ந்திருக்கும் உருவத்துக்கு 14 கட்டம்.

இனி, உடல் திரும்பும் விதம். முகம் பக்கவாட்டில். ஆனால் அந்தப் பக்கவாட்டு முகத்தில் கண் மட்டும் நேரே பார்ப்பதுபோல் முழுசாக. தோள்கள் இரண்டும் நேராக விரிந்து. இடுப்பிலிருந்து கீழே மறுபடி பக்கவாட்டு. நமக்கு அப்பால் இருக்கும் கால் ஓரடி முன்னே. இதைத் திறமைக்குறைவு என்று சில பழைய புத்தகங்கள் எழுதின, தவறு. உடலின் ஒவ்வொரு பகுதியையும் அது எந்தக் கோணத்தில் நன்றாக அடையாளம் தெரியுமோ அந்தக் கோணத்தில் காட்டுவது அவர்களின் முறை. நான்கு வயதுக் குழந்தை மேசையை வரையும்போது நான்கு காலையும் வரைகிறதே, அதே நேர்மைதான் இது.

பெஸ் மட்டும் விதிவிலக்கு. வீட்டையும் குழந்தைகளையும் பிரசவித்த தாயையும் காக்கும் இந்தக் குள்ளத் தெய்வம் நாக்கை நீட்டிக்கொண்டு நேருக்கு நேர் நம்மைப் பார்க்கும். இதற்குக் கட்டம் வேண்டாம். தாளை நீளவாட்டில் மடித்துப் பாதி உருவத்தை மட்டும் வரையுங்கள். மடித்தபடியே ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி மறுபாதியை டிரேஸ் எடுங்கள். இரண்டு பக்கமும் ஒத்து வரும்.

5. தலையும் அதன்மேல் இருப்பதும்

மனித உடலில் விலங்கின் தலையைப் பொருத்தும்போது கழுத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். முதலையின் கழுத்து எங்கே முடிந்து மனிதத் தோள் எங்கே தொடங்குவது? எகிப்தியர் இதை ஒரு பொய்முடியால் தீர்த்தார்கள். காதுக்குப் பின்னாலிருந்து தோள்வரை விழும் நீண்ட முடி. ஒரு பாகம் முதுகில், இரண்டு பாகம் நெஞ்சின் இருபுறமும். அதன் கீழே அகன்ற கழுத்தணி. இணைப்பு முழுவதும் மறைந்துபோகும். ஆகவே முதலில் பொய்முடியை வரைந்துவிட்டு, அதற்குள்ளிருந்து தலை வெளியே வருவதாக வரையுங்கள்.

அனுபிஸும் செத்தும் குழம்பாமலிருக்கக் காதையும் மூக்கையும் பாருங்கள். அனுபிஸுக்கு நரியின் கூர்மையான காது, நேரான மூஞ்சி. செத்தின் விலங்கு எது என்று இதுவரை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மூக்கு கீழ்நோக்கி வளைந்திருக்கும். காது நிமிர்ந்து, நுனியில் கத்தரித்ததுபோல் தட்டையாக இருக்கும். பிள்ளைகளிடம் இது என்ன விலங்கு என்று கேட்டுவிடுங்கள், அரைமணி நேரம் ஓடிவிடும்.

தோத்தின் தலை அரிவாள் மூக்கனின் தலை. எழுத்துக்கும் கணக்குக்கும் நிலவுக்கும் உரியவர். எகிப்தியர் வரைந்த அந்தப் பறவை 19-ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தில் இல்லாமல் போய்விட்டது. ஆனால் அதன் நெருங்கிய உறவான வெள்ளை அரிவாள் மூக்கன் வேடந்தாங்கலுக்கு வருகிறது: உடல் வெள்ளை, தலையும் கழுத்தும் கறுப்பு, கீழே வளைந்த நீள அலகு. அங்கே போனவர்கள் எடுத்த புகைப்படம் கையில் இருந்தால் அதையே அலகுக்கு மாதிரியாக வையுங்கள்.

ஐசிஸின் தலையில் இருக்கவேண்டியது அரியணை வடிவம். அவளுடைய எகிப்தியப் பெயரான 'அசெத்' எழுதப்படுவதே அந்த அரியணைக் குறியால்தான். பிற்காலத்தில் பசுக்கொம்பும் நடுவே சூரியவட்டமும் அவளுக்கு வந்தன. அது முதலில் ஹாத்தோர் என்ற வேறொரு தேவிக்குரியது. குழந்தைப் புத்தகத்தில் அரியணையையே வையுங்கள். பெயரும் படமும் ஒன்றாகப் பதியும். நீதித் தேவி மாஅத்துக்கு ஒற்றைத் தீக்கோழி இறகு. இறந்தவரின் இதயத்தைத் தராசில் ஒரு தட்டில் வைத்து மறுதட்டில் வைப்பது அந்த இறகைத்தான். மாஅத் பக்கத்தில் தராசையும் வரைந்து, ஒரு தட்டைக் காலியாக விட்டுவிட்டேன். இதயத்தைப் பிள்ளைகள் தாங்களே வரையட்டும்.

கையில் கொடுக்க வேண்டியவை குறைவுதான். ஒரு கையில் உயிரைக் குறிக்கும் ஆங்க், மறுகையில் ஆண் தெய்வத்துக்கு வாஸ் என்னும் நீள்கோல், பெண் தெய்வத்துக்குப் பாப்பிரஸ் தண்டு. ஒசிரிஸுக்கு மட்டும் வளைகோலும் சாட்டையும் நெஞ்சில் குறுக்காக.

6. மையிடும்போது

பென்சில் கோட்டின்மேல் மார்க்கர். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 2 மி.மீ. தடிமன், அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 1 மி.மீ. கழுத்தணியில் எகிப்தியர் பத்து வரிசை மணி கோத்திருந்தாலும் நீங்கள் மூன்று வரிசையோடு நிறுத்துங்கள். ஐசிஸின் சிறகிலும் அப்படியே. கிரேயான் முனை நுழையாத இடுக்கு எதுவும் இருக்கக்கூடாது. கோடுகள் எங்கும் விட்டுப்போகாமல் மூடியிருக்க வேண்டும்.

அனுபிஸைக் கறுப்பாக நிரப்பி அச்சிடாதீர்கள். கடையில் விற்கும் பல புத்தகங்களில் இதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அனுபிஸ் பக்கத்தில் குழந்தைக்கு இருக்கும் முக்கியமான வேலையே அந்தக் கறுப்புதான்.

7. நிறக் குறிப்பு: ஏன் என்பதையும் எழுதுங்கள்

இடப்பக்கத்து நான்கு வரியில் ஒரு வரி கட்டாயம் நிறத்துக்கு. 'எகிப்தியர் இப்படித் தீட்டினார்கள், காரணம் இது' என்று. குழந்தை அதைக் கேட்டுவிட்டு வேறு நிறம் பூசினால் விட்டுவிடுங்கள்.

அடிப்படை நிறங்கள் ஆறு: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. கறுப்பு கரியிலிருந்து, வெள்ளை ஜிப்சத்திலிருந்தும் சுண்ணாம்பிலிருந்தும், சிவப்பும் மஞ்சளும் காவிமண், பச்சை மலக்கைட் என்ற செப்புக் கனிமம். நீலத்தைத்தான் அவர்கள் தயாரித்தார்கள். மணல், சுண்ணாம்பு, செம்பு, உவர்ச்சாம்பல் சேர்த்து 850 முதல் 1000 டிகிரி வெப்பத்தில் சுட்டு, பிறகு பொடித்தார்கள். மனிதர் செயற்கையாகச் செய்த மிகப் பழைய நிறப்பொருள்களில் ஒன்று அது.

கறுப்பில் தொடங்குகிறேன். எகிப்தியர் தங்கள் நாட்டை 'கெமெத்' என்றார்கள்: கறுப்பு நிலம். ஆண்டுதோறும் நைல் பெருக்கெடுத்து வடியும்போது விட்டுச்செல்லும் கறுப்பு வண்டல்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. அதனால் அவர்களுக்குக் கறுப்பு விளைச்சலின் நிறம், மீண்டும் பிறப்பதன் நிறம். எகிப்தில் திரியும் நரி பழுப்பும் மஞ்சளுமாக இருக்கும். இறந்தவரைப் பதப்படுத்திக் காக்கும் அனுபிஸுக்கு மட்டும் கறுப்பைக் கொடுத்தார்கள், மறுபடி எழுவார்கள் என்பதற்காக. ஏழு வயதுப் பையன் ஒருவன் 'அப்போ கறுப்பு நல்ல கலரா மாமா?' என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதுவரை அந்த கிரேயானைத் தொடாமல் வைத்திருந்தவன் எடுத்துத் தீட்டினான். இந்தப் புத்தகத்துக்கு நான் பட்ட பாடு எல்லாவற்றுக்கும் அது போதும்.

ஒசிரிஸின் தோல் பச்சை. சில இடங்களில் கறுப்பு. மண்ணுக்குள் போன விதை முளைப்பதுபோல் அவர் எழுகிறார். துத்தன்காமுனின் கல்லறையில் ஒசிரிஸ் வடிவில் ஒரு மரச்சட்டம் கிடைத்தது. உள்ளே வண்டல் நிரப்பி வாற்கோதுமை விதைத்து, அது முளைத்தும் இருந்தது. முளைப்பாரி பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பச்சையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். ஒசிரிஸ்தான் நம்ம எமன், தோத்துதான் நம்ம சித்திரகுப்தன் என்று ஒட்டவைக்காதீர்கள். அவரவர் கதை அவரவருக்கு.

சிவப்பு, பாலையின் நிறம்; 'தெஷ்ரெத்' என்றால் சிவப்பு நிலம், அதாவது பாலைவனம். செத்துக்கு அது. சிங்கத்தலைச் செக்மெட்டுக்கும் சிவப்பு உடை. அவள் ராவின் கோபமாகப் புறப்பட்டு மனிதரை அழிக்கத் தொடங்கியபோது, சிவப்புச் சாயம் கலந்த பியரை வயலெங்கும் ஊற்றி, இரத்தமென்று நினைத்துக் குடிக்கவைத்து அடக்கினார்கள் என்பது கதை. சின்னவர்களுக்கு 'சிவப்புப் பானம்' என்றே எழுதினேன். அதே செக்மெட்தான் நோய் தீர்க்கிறவளும்.

தெய்வங்களின் முடி நீலம். வானப் பசுவின் நூல் என்று இன்று அழைக்கப்படும் பழைய பனுவல், முதுமையடைந்த ராவை வர்ணிக்கும்போது எலும்பு வெள்ளி, சதை பொன், முடி அசல் லாபிஸ் லசூலி என்கிறது. அந்த நீலக்கல் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து அவ்வளவு தூரம் போனது. ஆகவே பொய்முடிகளுக்கு நீலம் என்று குறிப்பெழுதலாம். நூட்டுக்கு நெஃபெர்தாரி கல்லறையின் விதானத்தைப் பாருங்கள்: அடர்நீலப் பரப்பு, மஞ்சள் நட்சத்திரங்கள். ஐந்து கை விரித்த மெல்லிய நட்சத்திரம், நட்சத்திர மீனைப் போல. ராவின் தலைமேல் வட்டம் சிவப்பு. சோபெக்குக்குப் பச்சை. பொதுவாக ஆண் உருவங்களுக்குச் செங்காவி, பெண் உருவங்களுக்கு மஞ்சள்.

8. நிலப்படப் பக்கம்

நைலை ஒரு கோடாக இழுத்து, கீழ்முனையில் டெல்டாவை விரித்து... என்று தொடங்காதீர்கள், வடக்கு மேலே இருக்கும்படி போட்டால் டெல்டா உச்சியில் வரும், ஆறு கீழிருந்து மேலே ஓடும். பிள்ளைகளுக்கு அதுவே வியப்பு. டெல்டாவில் பாஸ்டெட்டின் புபாஸ்திஸ், தெற்கே லக்சர், அதற்கும் தெற்கே கோம் ஓம்போ. கோம் ஓம்போவில் சோபெக்குக்கும், ஹோரஸின் இன்னொரு வடிவமான மூத்த ஹோரஸுக்கும் ஒரே கோயிலுக்குள் பக்கம்பக்கமாக இரண்டு கருவறைகள்.

செங்கடல் கரையில் ஒரு புள்ளி வைத்து அங்கே ஒரு பானையும் வரைந்தேன். குசைர் அல்-கதீம் என்ற பழந்துறைமுகம் அது. தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. 'பானை ஒறி' என்று படித்திருக்கிறார்கள். உறியில் தொங்கிய பானை. தன் மொழி எழுதிய பானை எகிப்து வரைக்கும் போயிருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் முதலில் வண்ணம் தீட்டியது அதைத்தான்.

9. அச்சும் பைண்டிங்கும்

வரைந்தவற்றை 600 டிபிஐ-யில், கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யுங்கள். தாளின் கனம் 100 ஜிஎஸ்எம். வழக்கமான 70, 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் கிரேயானுக்குப் பரவாயில்லை, ஸ்கெட்ச் பேனாவுக்குத் தாங்காது. வழவழப்பான ஆர்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம், கிரேயான் பிடிக்காது. லேசர் பிரிண்டில் எடுக்கச் சொல்லுங்கள். இங்க்ஜெட்டில் எடுத்தால் ஈரம் பட்டதும் கோடு கரையும். மடிப்பு ஓரத்தில் ஒன்றரை செ.மீ. இடம் விடுங்கள், நூட் தவிர. அட்டைக்குக் கெட்டித்தாள், நடுவில் இரண்டு பின். பத்துப் பிரதி எடுக்குமுன் ஒரே ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒரு குழந்தையிடம் கொடுத்துப் பாருங்கள். எந்த இடுக்கில் கை நிற்கிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

10. பிள்ளைகள் கையில் கொடுத்தபிறகு

முதல் நாள் ஒரு பக்கம் போதும். எழுத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். நிழல் போடச் சொல்லாதீர்கள். சமமாக, ஒரே அழுத்தத்தில் நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பி முடித்ததும் மெல்லிய கறுப்பு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து வெளிக்கோட்டை அவர்களையே மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். தேர் எல்-மதீனாவில் வேலை முடிந்தது இந்தக் கோட்டோடுதான். கோணல்மாணலாக வரும், வரட்டும்.

27-ஆம் பக்கம் வெறும் கட்டம் என்றேன் அல்லவா? 6, 9, 12, 16, 18 என்று ஓரத்தில் எண் மட்டும் போட்டு வையுங்கள். தனக்குப் பிடித்த தெய்வத்தைக் குழந்தை தானே அங்கே நிறுத்திப் பார்க்கும். எங்கள் தெருவில் ஒரு பெண் அதில் தோத்தை வரைந்து, எழுதுகோலுக்குப் பதில் தன் ஜியாமெட்ரி பாக்ஸைக் கையில் கொடுத்திருந்தாள். காலடியில் தன் பெயரை எழுதி, அதைச் சுற்றிக் கட்டமும் போட்டிருந்தாள்.